வயிற்றில் பெரிய கட்டி: கீறி எடுப்பதா, துளை போட்டு எடுப்பதா?



இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் பெரட்டுக் களத்தில் மேல் டிவிசன் அக்கா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மிஸ், வயித்துல பெரிய கட்டியாம். கீறித்தான் எடுக்கணும்னு சொல்றாங்க. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு மூணு ஓட்டை போட்டு எடுத்தாங்களே, மூணாம் நாள் வீட்டுக்கு வந்துட்டா. எனக்கு மட்டும் ஏன் கீறணும்?" என்று கேட்டார். அவருக்கு 50 வயது தாண்டிவிட்டது. நானும் யோசிக்காமல், "துளை போட்டே எடுக்கச் சொல்லிக் கேளுங்கக்கா, அதுதான் லேசு" என்று சொல்லிவிட்டேன்.

நான் சொன்னது பிழை. அவரோடு கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் அம்மா எனக்கும் சேர்த்துத்தான் விளங்கப்படுத்தினார். அதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

கருப்பையின் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவில் ஒவ்வொரு சூலகம் இருக்கிறது. மாதாமாதம் முட்டை முதிர்வது அங்கேதான். முட்டை முதிரும்போது சின்ன நீர்ப்பை உண்டாவது இயற்கை. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு வெறும் நீர் நிரம்பிய கட்டி எலுமிச்சங்காய் அளவில், அதாவது 5 சென்ரிமீற்றருக்குள் இருந்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாக வற்றிவிடும். தோடம்பழம் அளவுக்கு, 7 சென்ரிமீற்றருக்கு மேல் போனால்தான் ஒப்பரேசன் பேச்சு வரும். சில கட்டிகளுக்குள் பழைய இரத்தம் இருக்கும். சிலவற்றில் கொழுப்பும் முடியும், பல்லும்கூட இருக்கும். இதைக் கேட்டுவிட்டு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று காசைச் செலவழிக்க வேண்டாம். முட்டை உண்டாகும் கலங்களிலிருந்தே வளர்வதால்தான் அப்படி. சளி போன்ற தடித்த நீர் உள்ள வகை வயிறு முழுக்க வளர்ந்துவிடும். அதைப் பார்த்துப் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு.

அப்படி நினைத்த ஒரு அம்மாவின் கதை வைத்திய சரித்திரத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் கென்டக்கி என்ற இடத்தில் ஜேன் டொட் குரோஃபோர்ட் என்ற பெண்ணுக்கு இரட்டைப் பிள்ளை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பார்த்தால் சூலகக் கட்டி. 60 மைல் குதிரையில் பயணம் செய்து டாக்டர் எஃப்ராய்ம் மக்டவல் வீட்டுக்குப் போனார். 1809 டிசம்பரில் மயக்க மருந்தே இல்லாமல் வயிற்றைக் கீறி 22 றாத்தலுக்கு மேற்பட்ட கட்டியை எடுத்தார்கள். அந்த அம்மா அதற்குப் பிறகு 32 வருடம் வாழ்ந்தார். இன்று நமக்கு மயக்க மருந்தும் இரத்தமும் இருக்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரியில் பணமும் கட்டத் தேவையில்லை. கீறுவது என்றாலே சாவு என்று பயப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

இப்போது இரண்டு முறைகளையும் பார்ப்போம். துளை முறையில் வயிற்றுக்குள் வாயுவை நிரப்பி, தொப்புளில் ஒன்றும் அடிவயிற்றில் இரண்டு மூன்றுமாக விரல் நுனி அளவில் துளைகள் போடுவார்கள். ஒன்றில் கெமரா, மற்றவற்றில் ஆயுதங்கள். கட்டியை ஒரு பைக்குள் போட்டு, நீரை உறிஞ்சிச் சுருக்கி, துளை வழியாக வெளியே எடுப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு வரலாம். நோவு குறைவு. அந்த வாயுவினால் தோள்மூட்டு ஒன்றிரண்டு நாள் வலிக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். கீறும் முறையில் அடிவயிற்றில் குறுக்காகவோ, தொப்புளிலிருந்து கீழே நீளமாகவோ வெட்டுவார்கள். சில நாள் வாட்டில் இருக்க வேண்டும். உடம்பு தேற ஆறு கிழமையாவது போகும்.

இவ்வளவையும் கேட்டால் யாருக்கும் துளைதான் பிடிக்கும். ஆனால் நான் விட்ட பிழை இங்கேதான். எந்த முறை என்று தீர்மானிப்பது தழும்பின் நீளம் இல்லை, கட்டியின் அளவு மட்டும்கூட இல்லை. கட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. வெறும் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்தால், தேங்காய் அளவில் இருந்தாலும், பழகிய டாக்டர் துளை போட்டு எடுக்கக்கூடும். ஆனால் கட்டிக்குள் தசை வளர்ச்சி தெரிந்தால், வயிற்றில் நீர் கோர்த்திருந்தால், மாதவிடாய் நின்ற பிறகு வந்திருந்தால், அது புற்றுநோயாக இருக்குமோ என்ற சந்தேகம் வரும். அப்படிப்பட்ட கட்டியை உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும். புற்றுநோய்க் கட்டி வயிற்றுக்குள் உடைந்தால், சூலகத்துக்குள் அடங்கியிருந்த நோயின் கலங்கள் வெளியே சிந்திவிடும். அதற்குப் பிறகு மருந்து ஏற்ற வேண்டி வரலாம். முழுத் தேங்காயை உடைக்காமல் விரல் நுனித் துளை வழியாக எடுக்க முடியுமா? அதனால்தான் அந்த அக்காவுக்குக் கீற வேண்டும் என்றார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு 26 வயது, அவளுடையது தெளிந்த நீர்க்கட்டி. இரண்டும் ஒன்றல்ல.

சீ.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். அது கூடினால் புற்றுநோய் என்று முடிவு கட்டி அழ வேண்டாம். இளம் பெண்களுக்கு மாதவிடாய் நாளிலும் வேறு சாதாரண வருத்தங்களிலும் அது கூடும். டாக்டர் ஸ்கேனையும் வயதையும் சேர்த்துத்தான் பார்ப்பார். இன்னொன்று: சுகவனிதையர் கிளினிக்கில் எடுக்கும் பெப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கானது. அது நல்லபடியாக வந்தால் சூலகமும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பலர் இதில் ஏமாறுகிறார்கள்.

துளை போடும் வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. சந்தேகமில்லாத கட்டி என்றால், வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குத் துண்டு தருவீர்களா என்று கேட்பது உங்கள் உரிமை. சின்னக் குறுக்குக் கீறல் போட்டு, நீரை எடுத்துச் சுருக்கி வெளியே எடுக்கும் வழியும் உண்டு, அதையும் கேளுங்கள். தோட்டை அடகு வைத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால், எனக்கு ஏன் இந்த முறை என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். முன்பு சீசர், எல்.ஆர்.டி. போன்ற ஒப்பரேசன் செய்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளே குடல் ஒட்டியிருக்கலாம். துளை போடத் தொடங்கிவிட்டுக் கீற வேண்டி வருவதும் உண்டு. கையொப்பம் வைக்கும் பத்திரத்தில் அதுவும் எழுதியிருக்கும், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சூலகத்தை வைத்துவிட்டுக் கட்டியை மட்டும் எடுப்பார்களா என்றும் கேளுங்கள், முக்கியமாகப் பிள்ளை வேண்டும் என்று இருப்பவர்கள். ஒரு சூலகம் போனாலும் மற்றது நன்றாக இருந்தால் மாதவிடாய் வரும், பிள்ளையும் பெறலாம்.

ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கீறிய பெண் ஆறு கிழமைக்குக் கொழுந்துக் கூடை தூக்கக் கூடாது, தண்ணிக் குடமும் விறகுக் கட்டும் தூக்கக் கூடாது. துளை போட்டவரும், வெளியில் காயம் சின்னதாகத் தெரிகிறதே என்று அடுத்த கிழமையே மலைக்கு ஏறக் கூடாது. டாக்டரிடம் நாள் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த அட்டையைக் கொண்டுவந்தால் லேசான வேலை கேட்டு ஒப்பீசில் பேசலாம். பேர் போகுதே என்று பெண்ணை அவசரப்படுத்திக் கூடை தூக்க வைத்துத் தையல் விட்ட கதை எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஒப்பரேசனுக்கு நாள் கொடுத்துக் காத்திருக்கும்போது திடீரென்று ஒரு பக்கம் பொறுக்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால், கட்டி முறுக்கிக் கொண்டிருக்கலாம். இரத்த ஓட்டம் நின்று சூலகம் கெட்டுவிடும். காலையில் பார்ப்போம் என்று இஞ்சித் தண்ணி கொடுத்து வைத்திருக்காமல், நடு இராத்திரி என்றாலும் வாகனம் கேளுங்கள். அதேபோல, சில கிழமையாக வயிறு ஊதி, கொஞ்சம் சாப்பிட்டதும் நிரம்பி, அடிக்கடி சலம் போகிறது என்றால், வாயு என்று ஓமத் தண்ணி குடித்தே நாளைக் கடத்த வேண்டாம்.

எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அந்த றிப்போர்ட் வரச் சில கிழமை எடுக்கும். தையல் ஆறினதும் நம் ஆட்கள் அதை வாங்கப் போவதே இல்லை. அந்த மேல் டிவிசன் அக்காவும் கீறி முடித்து வீட்டுக்கு வந்து, "அதான் எடுத்தாச்சே மிஸ்" என்று இருந்தார். நானே கூட்டிக்கொண்டு போனேன். கட்டி உடையாமல் முழுசாக வந்திருந்தது. முழுப் புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாத, நடுவில் உள்ள ஒரு வகை என்று எழுதியிருந்தது. இப்போது தவணை தவறாமல் கிளினிக்குக்குப் போய் வருகிறார். கொப்பியை அரிசிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார், தொலையக் கூடாதாம்.