ஓ குரூப்தான்... நிச்சயமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் புதிதாக வேலைக்குச் சேருகிறீர்கள். அடையாள அட்டையில் போட ரத்த குரூப் கேட்கிறார்கள். பக்கத்து லேபில் விரலில் 'சுருக்'கென்று ஒரு குத்து. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தோடு நீல மருந்து, இன்னொரு சொட்டோடு மஞ்சள் மருந்து கலக்கிறார்கள். இரண்டுமே திரிதிரியாகக் கட்டவில்லை. "ஓ குரூப் சார்!"

வேலை முடிந்ததா? அவசரப்படாதீர்கள்.

அந்த இரண்டு மருந்துகளும் ஆன்டிபாடிகள். நம் சிவப்பணுக்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கின்றன. (காபியில் போடுகிற சர்க்கரை அல்ல, அதற்குச் சொந்தக்காரர்கள்!) முதலில் ஒரு என்ஸைம், ஃப்யூகோஸ் என்ற சர்க்கரையை ஒட்டி 'ஹெச்' என்ற அஸ்திவாரம் போடுகிறது. அதன் மேல் எழும்பும் மாடிதான் ஏ அல்லது பி. நீல மருந்து ஏ-யைக் கண்டுபிடிக்கும், மஞ்சள் பி-யை. ஓ குரூப்காரர்களுக்கு வெறும் அஸ்திவாரம் மட்டும்தான்.

வெகு சிலருக்கு அந்த என்ஸைமே வேலை செய்யாது. அஸ்திவாரமும் இல்லை, மாடியும் இல்லை. மேலே சொன்ன டெஸ்ட்டில் இவர்களும் 'ஓ' என்றுதான் தெரிவார்கள்! 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் இதைக் கண்டறிந்ததால் 'பாம்பே குரூப்' என்று பெயர். இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம்.

இவர்கள் ரத்தத்தில் ஹெச்-சை எதிர்க்கும் ஆன்டிபாடி உண்டு. சாதாரண ஓ ரத்தம் ஏற்றினால் அந்த அணுக்கள் உடைந்து சிறுநீரகம் பழுதாகலாம், உயிருக்கே ஆபத்து.

எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் சீரத்தோடு ஓ குரூப் அணுக்களைக் கலந்து பார்ப்பார்கள். கட்டிக்கொண்டால் சந்தேகம்தான்! உறுதி செய்ய, ஹெச்-சை அடையாளம் காட்டும் ஒரு விதைச்சாறு உண்டு. ஊட்டிப் பக்கம் மஞ்சள் பூவோடு மண்டிக் கிடக்கிறதே கார்ஸ் முள்செடி, அதன் விதையிலிருந்து எடுப்பது! ஆன்டிபாடி செய்யும் வேலையை அது செய்கிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் இப்படி ஆகும். அதனால் சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஒருவருக்கு இருந்தால், கூடப் பிறந்தவர்களுக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எல்லோரும் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள்.

பாம்பே குரூப் நோயல்ல. பிளட் பேங்கில் பெயரைப் பதிவு செய்து, அந்தச் சீட்டை எப்போதும் பர்ஸில் வைத்திருங்கள். ஆபரேஷன் தேதி முன்கூட்டியே தெரிந்தால், உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சேமிக்க முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். மற்றவர்களும், 'நமக்கு ஓ-தானே' என்று அட்டையைக் காட்டி அவசரப்படுத்தாதீர்கள். ரத்தம் ஏற்றும் முன் செய்யும் கிராஸ் மேட்சிங், வீண் தாமதமல்ல, உயிர்க்காவல்!