ஸ்பேனர் வாங்குவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

பெடலை அழுத்தி மிதித்தால் அடியிலிருந்து 'கரக் கரக்' என்று சத்தம் வருகிறது, கிராங்குகளுக்கு நடுவே பேரிங் இருக்கும் பாட்டம் பிராக்கெட்டை நானே கழற்றப் போகிறேன், எந்த டூல் செட் வாங்கலாம் என்று போனில் கேட்டாய். நீயே செய்யத் துணிந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். வேலை செய்யும்போது பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதி அனுப்புகிறேன்.

செட் எதுவும் இப்போது வாங்காதே கண்ணு. அந்தப் பெட்டியில் உள்ளவற்றில் உன் வண்டிக்குப் பொருந்துவது இரண்டோ மூன்றோதான். எது பொருந்தும் என்று தெரிந்த பிறகு அவற்றை மட்டும் நல்லதாக வாங்கு.

முதலில் சத்தம் அங்கிருந்துதான் வருகிறதா என்று பார். செயினைப் பல்சக்கரத்திலிருந்து இறக்கிவிட்டுக் கிராங்கைக் கையால் சுற்று. சொரசொரப்பாகச் சுற்றுகிறதா? பிறகு கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டு. இரண்டு கிராங்கும் சேர்ந்து ஆடினால் பேரிங் போய்விட்டது, அல்லது பேரிங்கைப் பிரேமில் பிடித்துவைக்கும் கப் தளர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஆடினால் அந்தக் கிராங்கின் போல்ட் லூஸ். சீட்டுக் கம்பியும் பெடலும்கூட இதே மாதிரி சத்தம் போடும். அவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

உன் வழியையும் யோசித்துப் பார். டெ அட்டாட்டூவிலிருந்து நார்த்வெஸ்டர்ன் சைக்கிள் பாதையில் வருகிறாய். 16ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தக் காஸ்வேயின் ஓரத்தில் கடல்நீர் ஏறி இறங்குகிறது, காற்றில் உப்பு. ஆக்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 1,100 மில்லிமீட்டர் மழை. சீட்டுக் குழாய் வழியே இறங்கும் தண்ணீர் கடைசியில் தேங்குவது பாட்டம் பிராக்கெட் கூட்டில்தான். அலுமினியப் பிரேமில் இரும்பு மரையோ இரும்புப் பிரேமில் அலுமினிய மரையோ இருந்தால், உப்புத் தண்ணீர் பட்டு இரண்டும் அரித்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இங்கே பல வண்டிகளில் கப் லேசில் கழலாததற்கு இதுதான் காரணம். அப்படி இறுகியதன் மீது அரைகுறையாக உட்காரும் டூலை வைத்து முறுக்கினால் பற்கள் மழுங்கிவிடும். அதற்கு மேல் பிரேமின் மரையும் போனால், இருபது முப்பது டாலர் பாகத்துக்காக வண்டியே போய்விடும்.

இப்போது குனிந்து பார். கிராங்கின் நடுவில் ஒற்றை போல்ட் இருந்து, அதைக் கழற்றினால் சதுர அச்சின் முனை தெரிகிறதா? அப்படியானால் அது, அச்சும் பேரிங்கும் ஒரே பாகமாக வரும் கார்ட்ரிட்ஜ் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். போல்ட்டுக்கு 8 மி.மீ. ஆலன் கீ அல்லது 14 மி.மீ. சாக்கெட் வேண்டும். அடியில் வாஷர் இருந்தால் அதையும் எடுத்துவிடு. கிராங்கை இழுக்க 22 மி.மீ. மரை கொண்ட கிராங்க் புல்லர். அதைக் கையாலேயே கடைசி மரைவரை ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர் போட வேண்டும். பாதி மரையில் இழுத்தால் கிராங்கின் மரை உரிந்து வந்துவிடும். உள்ளே கார்ட்ரிட்ஜின் வளையத்தில் 20 உட்பற்கள் இருந்தால் ஷிமானோவின் டிஎல்-யுஎன்74 அல்லது பார்க் டூலின் பிபிடி-22 சரியாக உட்காரும். கிராங்க் போல்ட்டையே ஒரு பெரிய வாஷரோடு அச்சில் திருகி, டூல் நகராதபடி பிடித்துவைத்துக்கொள். முதல் இறுக்கம் விட்டதும் அந்தப் போல்ட்டைத் தளர்த்திவிடு.

கப் கூட்டுக்கு வெளியே, சுற்றிலும் 16 பள்ளங்களோடு தெரிந்தால் அது ஹாலோடெக் 2 வகை. இதற்குப் புல்லர் வேண்டாம். இடது கிராங்கின் இரண்டு சிறு போல்ட்டுகளைத் தளர்த்தி, மூடியைக் கழற்றினால் கிராங்க் கையோடு வரும். இதில் கப்பின் அளவில்தான் கவனம் வேண்டும்: பழையவை 44 மி.மீ., புதியவற்றில் 41, 39 மி.மீ. அளவுகளும் உண்டு. பெரிய வளையத்தைச் சின்னக் கப்பில் மாட்டினால் வழுக்கும். அளந்துவிட்டு வாங்கு.

மரையே தெரியாமல் கப் பிரேமுக்குள் அழுத்தப்பட்டிருந்தால் அது பிரஸ் பிட். அதற்கான டூலும் அழுத்து கருவியும் விலை அதிகம், கார்பன் பிரேம் என்றால் ஆபத்தும் அதிகம். அதைக் கடையில் கொடுத்துவிடு.

நம்ம ஊர்ப் பழைய சைக்கிள்களில் காட்டர் பின்னைச் சுத்தியலால் தட்டித்தான் எடுப்பார்கள். அங்கே அது சரியான முறை. இந்தக் கப்புகளில் சுத்தியலும் உளியும் வேண்டவே வேண்டாம்.

திசையை மனப்பாடம் செய்துகொள். உலகில் பெரும்பாலான மரை வகைப் பிரேம்களில் செயின் பக்கக் கப் இடது மரை, மறுபக்கம் வலது மரை. டூலின் கைப்பிடியை மேல்நோக்கி நிறுத்து. எந்தப் பக்கமானாலும் முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும். இத்தாலிய மரை ஒரு விலக்கு: அதில் இரண்டு பக்கமும் வலது மரை, கூட்டின் அகலம் 70 மி.மீ. உன் கூடு 68 அல்லது 73 மி.மீ. இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. பிடிவாதமாக நின்றால் ஊடுருவும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க வை. பலத்தைக் கூட்டுவதற்கு முன் திசை சரிதானா என்று இன்னொரு தடவை பார்.

திரும்ப மாட்டும்போது மரையைத் துடைத்துக் கிரீஸ் தடவு. கப்பைக் கையாலேயே சில சுற்று ஏற்று. ஷிமானோ கார்ட்ரிட்ஜுக்கு 50 முதல் 70 நியூட்டன் மீட்டர், வெளிக் கப்புக்கு 35 முதல் 50. இந்தக் கிரீஸ்தான் அடுத்த தடவை கழற்றுவதைச் சுலபமாக்கும்.

நியூ லின்னில் ஈகோமேட்டர்ஸ் நடத்தும் பைக் ஹப்புக்கு ஒருநாள் வண்டியை உருட்டிக்கொண்டு போ. அவரவர் வண்டியை அவரவரே சரிசெய்யக் கற்றுக்கொள்ளும் இடம் அது. முதல் தடவை அங்கே உள்ள டூலை வைத்துச் செய்துபார். எந்த டூல் உன் கைக்குச் சரிவருகிறது என்று தெரிந்த பிறகு அதை மட்டும் வாங்கிக்கொள். மலிவென்று மெல்லிய இரும்பில் வாங்காதே. ஒரு நல்ல டூல் உன் அடுத்த மூன்று சைக்கிளுக்கும் உழைக்கும்.

கழற்றிய பாகத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும் அச்சின் நீளத்தையும் குறித்துவைத்து எனக்கு அனுப்பு. புதியதை வாங்குவதற்கு முன் சேர்ந்து சரிபார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பெரியப்பா