ஃபியோ காட்டும் தாமதக் கணக்கை வாசிக்கும் முறை

லினக்ஸ் சர்வர்களில் வட்டுகளின் வேகத்தை அளக்கப் பெரிதும் பயன்படும் கருவி ஃபியோ. லினக்ஸ் கெர்னலின் பிளாக் அடுக்கைப் பராமரிக்கும் யென்ஸ் ஆக்ஸ்போ இதை உருவாக்கினார். சோதனை முடிந்ததும் வரும் அறிக்கையில் ஐஓபிஎஸ், பேண்ட்விட்த் ஆகிய இரண்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். ஆனால் டேட்டாபேஸின் முன் காத்திருப்பவருக்குத் தெரிவது தாமதம், அதாவது லேட்டன்சி மட்டுமே. அதற்குரிய வரிகளை மேலிருந்து கீழாக, வரிசையாக வாசிப்பது பயன் தரும்.

முதலில் கவனிக்க வேண்டியது அலகு. எண்ணின் அளவைப் பொறுத்து நானோ, மைக்ரோ, மில்லி விநாடி என ஒவ்வொரு வரியிலும் அலகு மாறக்கூடும். ஒரு சோதனையில் 850, இன்னொன்றில் 2 என்றிருந்தால் இரண்டாவதே வேகமானது என்று முடிவு கட்டிவிட முடியாது. முன்னது மைக்ரோ விநாடியாகவும் பின்னது மில்லி விநாடியாகவும் இருக்கலாம். பல சோதனைகளை ஒப்பிடும்போது அறிக்கையை ஜேசன் வடிவில் எடுப்பது பாதுகாப்பானது. அதில் இந்த வரிகள் நானோ விநாடியிலேயே இருக்கும்.

அடுத்து எஸ்லாட், சிலாட், லாட் என்ற மூன்று வரிகள் வரும். கோரிக்கையைக் கெர்னலிடம் ஒப்படைக்க ஆகும் நேரம் எஸ்லாட். ஒப்படைத்தது முதல் வேலை முடியும் வரை ஆகும் நேரம் சிலாட். இரண்டும் சேர்ந்தது லாட். லிப்ஏஐஓ போன்ற ஒத்திசைவற்ற வகை என்ஜின்களில் எஸ்லாட் மிகச் சிறியதாக இருப்பதே இயல்பு. அது வீங்கியிருந்தால், வட்டைக் குறை சொல்லும் முன் டைரக்ட்=1 கொடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் லிப்ஏஐஓ ஒப்படைக்கும் இடத்திலேயே காத்து நிற்கும். சிங்க் வகை என்ஜின்களில் இரண்டு கட்டங்களும் ஒன்றே என்பதால் எஸ்லாட் வரி வராது.

சராசரியை மட்டும் நம்புவது அடிக்கடி ஏமாற்றும். 1,000 கோரிக்கைகளில் 990 கோரிக்கைகளுக்குத் தலா 100 மைக்ரோ விநாடியும், மீதி 10 கோரிக்கைகளுக்குத் தலா 20 மில்லி விநாடியும் ஆனதாகக் கொண்டால், சராசரி 299 மைக்ரோ விநாடி. ஆனால் எந்தக் கோரிக்கைக்கும் சரியாக அவ்வளவு நேரம் ஆகவில்லை. திட்ட விலக்கம் ஏறத்தாழ 1,980 மைக்ரோ விநாடி. இப்படி அது சராசரியை விடப் பல மடங்கு இருந்தால், கோரிக்கைகளில் சில மிக மெதுவாக முடிந்திருக்கின்றன என்று பொருள்.

அந்த மெதுவான பகுதியைக் காட்டுபவை பெர்சன்டைல் வரிகள். மேற்சொன்ன கணக்கில் 99ஆவது பெர்சன்டைல் 100 மைக்ரோ விநாடிதான், 99.5ஆவது 20 மில்லி விநாடி. ஒரு பக்கத்தைத் திறக்க 100 வாசிப்புகள் தேவைப்பட்டு, அவற்றில் ஒவ்வொன்றும் மெதுவாக அமையும் வாய்ப்பு 1 சதவீதம் என்றால், குறைந்தது ஒரு வாசிப்பிலாவது மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு சுமார் 63 சதவீதம். 99.99ஆவது பெர்சன்டைலை நம்ப வேண்டுமானால் மாதிரிகளும் ஏராளமாக வேண்டும். 10,000 கோரிக்கைகளில் அதற்கு அப்பால் நிற்பது ஒன்றே ஒன்று. பல ஜாப்களின் பெர்சன்டைல்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது தவறு. குரூப்_ரிப்போர்ட்டிங் கொடுத்தால் ஃபியோவே ஒன்றாகக் கணக்கிட்டுத் தரும்.

உச்ச அளவு ஒரே ஒரு கோரிக்கையின் கதை. அதற்காக ஒதுக்கிவிடவும் கூடாது. ஐஓடெப்த், அதாவது ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை, 1 என்ற நிலையில் வட்டு ஒரு விநாடி உறைந்தால், பதிவாவது ஒரு மாதிரி மட்டுமே. பெர்சன்டைல்களில் அது தடம் விடாமல் போகலாம். மறுபடி மறுபடி ஓட்டியும் அதே உச்சம் வந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

அறிக்கையின் கீழ்ப்பகுதியில் 250=0.04%, 500=64.11% என்ற பாணியில் வரும் பட்டியலைக் குவி சதவீதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 250 முதல் 500 வரை ஆனவை 64.11 சதவீதம் என்பதே அதன் பொருள். இதில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன.

எண்களைச் சரிபார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு: ஐஓபிஎஸ்ஸைச் சராசரித் தாமதத்தால் பெருக்கினால் ஐஓடெப்த் வர வேண்டும். 64,000 ஐஓபிஎஸ், 500 மைக்ரோ விநாடி என்றால் 32. ஐஓடெப்த் 32 என்று கேட்டும் பெருக்குத்தொகை மிகக் குறைவாக வந்தால், வரிசை நிரம்பவே இல்லை. வட்டின் இயல்பும் துணை செய்யும். 7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒரு முறை சுழல 8.33 மில்லி விநாடி ஆகும். அதில் ரேண்டம் வாசிப்புக்குச் சராசரி 0.1 மில்லி விநாடி என்று வந்தால், அளக்கப்பட்டது வட்டு அல்ல, கேஷ்.

எஸ்எஸ்டியில் எழுத்துத் தாமதத்தை அளக்கும் முன் வட்டு முழுவதையும் குறைந்தது ஒரு முறை எழுதி நிரப்ப வேண்டும். புது வட்டின் வேகம் நீடிக்காது. டேட்டாபேஸுக்கான வட்டு என்றால் எஃப்சிங்க் தாமதத்தையும் பார்க்க வேண்டும். எஃப்சிங்க் கொடுத்து ஓட்டினால் அது தனிப் பகுதியாக வரும். கமிட் வேகத்தை முடிவு செய்வது அதுவே.

பிளாக் அளவு, ஐஓடெப்த், வாசிப்பு–எழுத்து விகிதம், பெர்சன்டைல் ஆகிய நான்கும் இல்லாமல் யாராவது தாமத எண்ணைக் காட்டினால், அதை நம்பி வட்டு வாங்க வேண்டாம்.