சங்கஞ்செடியைச் சுற்றும் சால்மன் நிறம்

கேள்வி: எங்கள் ஊர்க் கரட்டில் முள்புதரை ஒட்டித் தாழப் பறக்கும் இளஞ்சிவப்புப் பட்டாம்பூச்சி எது?
– வாசகர், டி. கல்லுப்பட்டி

பதில்: பெரும்பாலும் அது ‘ஸ்மால் சால்மன் அராப்’. 1775-இல் ஃபாப்ரீசியஸ் விவரித்த இனம். ஆப்பிரிக்கா, அரேபியா தொடங்கி இலங்கை வரை வறண்ட நிலங்களில் வாழ்கிறது. காலை வெயிலில் இறக்கையைப் பாதி விரித்துக் குளிர்காயும். அப்போது சால்மன் நிறமும், வெளிர்ப் புள்ளியிட்ட கறுப்புக் கரையும் பளிச்சென்று தெரியும். இறக்கையை மூடினால் மஞ்சள் கலந்த பச்சை அடிப்புறம் இலையோடு இலையாகிவிடும். பெண்பூச்சிகளில் வெள்ளை நிறத்தவையும் உண்டு.

புதரைவிட்டு அதிகம் விலகாததற்குக் காரணம் பிள்ளைப்பாசம்தான். புழுக்களுக்கு இரை சங்கஞ்செடி, உகா மர இலைகள். முள் குத்தாமல் சங்க இலையைத் திருப்பிப் பாருங்கள். கூட்டமாக முட்டைகளோ பச்சைப் புழுக்களோ தென்படலாம். ‘வெறும் முள்’ என்று வேலிச் சங்கை வெட்டித் தள்ளினால், பட்டாம்பூச்சியும் ஊரைக் காலிசெய்துவிடும்.