லாக் போன் கையில் வந்தால்: சர்வீஸ் கடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

1. "அப்டேட் பண்ணிக் கொடுப்பா" என்று யார் ஐபோனை நீட்டினாலும் உடனே செட்டிங்ஸைத் திறக்காதே. எந்த நாட்டில் வாங்கியது, எந்தக் கம்பெனி கனெக்‌ஷனோடு வாங்கியது, தவணை முடிந்துவிட்டதா, வேறு சிம் வேலை செய்யாதபடி கம்பெனி போட்ட லாக்கை எடுத்தது யார் என்று முதலில் கேள். சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக இருக்கும் பெரியவர்கள் நிறையப் பேர். "பையன் கொடுத்துட்டுப் போனான், எனக்கென்ன தெரியும்?" என்பார்கள். பையனுக்கு வாட்ஸ்அப் போடச் சொல். அங்கே நடு ராத்திரி என்றால் நாளைக்கு வரச் சொல். ஒரு நாள் தள்ளிப்போனால் அப்டேட் ஓடிவிடாது.

2. லாக்கைக் கம்பெனியே எடுத்துக் கொடுத்திருந்தால் அந்த விவரம் போனின் ஐஎம்இஐ எண்ணோடு சேர்ந்து ஆப்பிளின் சர்வரில் பதிவாகியிருக்கும். அப்டேட் செய்தாலும் முழுசாக அழித்து ரீஸ்டோர் செய்தாலும் லாக் திரும்பி வராது. ஐஓஎஸ் 14 முதல் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய்க் கீழே இறங்கினால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி வரும். அதற்கு எதிரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் தைரியமாக அப்டேட் கொடு. வேறு எது இருந்தாலும் கையை எடு.

3. பழைய கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஏன் பயப்படுகிறோம் என்பது அதில்தான் இருக்கிறது. 2007 ஜூனில் ஐபோன் வந்தபோது அமெரிக்காவில் ஏடி அண்ட் டி சிம் மட்டும்தான் அதில் வேலை செய்யும். ஆகஸ்டிலேயே நியூ ஜெர்சியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன் போனைப் பிரித்து, சால்டரிங் வைத்து லாக்கை உடைத்தான். இப்படித் திறந்த போன்களில் அப்டேட் செய்தால் கெட்டுப்போகலாம் என்று ஆப்பிள் எச்சரித்தது. செப்டம்பர் கடைசியில் 1.1.1 அப்டேட் வந்தது. அதை ஏற்றிய அன்லாக் போன்கள் பல டெட் ஆயின.

நம் நாட்டுக்கு ஐபோன் முறையாக வந்தது 2008 ஆகஸ்ட் 22 அன்று, ஏர்டெல், வோடஃபோன் வழியாக. 8 ஜிபி 3ஜி மாடல் 31,000 ரூபாய். அந்த விலையைப் பார்த்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த லாக் போனைத் தேடிப் போனதில் ஆச்சரியம் இல்லை.

விஷயம் என்னவென்றால், போனுக்குள் ஓடும் மென்பொருள் இரண்டு. நாம் திரையில் பார்ப்பது ஐஓஎஸ். டவரோடு பேசும் மோடம் சில்லுக்குள் ஓடுவது பேஸ்பேண்டு. லாக் இருந்தது இந்த இரண்டாவதில். ஐபோன் டெவ் டீம் என்ற ஹேக்கர் குழு வெளியிட்ட அல்ட்ராஸ்னோ என்ற அன்லாக் மென்பொருள் சில பேஸ்பேண்டுகளில் மட்டும்தான் வேலை செய்யும். 3ஜி, 3ஜிஎஸ் என்றால் 04.26.08, 05.13.04 போன்றவை, ஐபோன் 4 என்றால் 01.59.00. அந்தக் காலத்தில் இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இந்த எண்கள் இன்னும் மனப்பாடம். ஐடியூன்ஸில் 'அப்டேட்' தட்டினால் ஐஓஎஸோடு பேஸ்பேண்டும் சேர்ந்து ஏறும். ஏறியது இறங்காது. புது ஐஓஎஸ் அழகாக ஓடும், டவர் மட்டும் வராது.

அதனால்தான் ப்வனேஜ்டூல், ஸ்னோப்ரீஸ் போன்ற கருவிகளில் தனி ஃபர்ம்வேர் தயாரித்தார்கள். ஐஓஎஸ் மட்டும் புதிதாகும், பேஸ்பேண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். தெரியாமல் ஏற்றிவிட்டவர்களுக்கு 2010 கடைசியில் இன்னொரு வழி வந்தது. ஐபேடின் 06.15.00 பேஸ்பேண்டை 3ஜி, 3ஜிஎஸ்ஸில் ஏற்றுவது. லாக் திறக்கும், ஜிபிஎஸ் போய்விடும். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதைதான். வாங்கவும் ஆள் இருந்தது.

இன்றைய போன்களில் அந்த வழி எதுவும் கிடையாது. பழைய ஐபோன் 4 ஒன்று மேசைக்கு வந்தால் மட்டும் அபௌட்டில் 'மோடம் ஃபர்ம்வேர்' எண்ணை எழுதி வைத்துக்கொண்ட பிறகு யோசி.

4. சிம் ட்ரேயை வெளியே எடுத்துப் பார்க்காமல் ஒரு வெளிநாட்டு ஐபோனையும் வாங்கி வைக்காதே. சிம்முக்கு அடியில் நகத்தால்தான் பிரிக்க முடிகிற மெல்லிய தகடு ஒட்டியிருக்கிறதா, அதன் ஓரத்தில் கறுப்பாகச் சின்னச் சில்லு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார். டர்போ சிம், கெவி, ஆர்-சிம் என்று பல பெயரில் வந்தவை இவை. ஏர்டெல் சிம்மைத் தன் சொந்தக் கம்பெனி சிம் என்று போனை நம்ப வைப்பதுதான் வேலை. ஆப்பிள் தன் பக்கம் விதியை மாற்றினால் அன்றோடு சரி. இப்படிப்பட்ட போனில் அப்டேட் கூடாது, 'எரேஸ்' கூடாது. ராத்திரி சார்ஜில் கிடக்கும்போது தானாக ஏறாதபடி சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குள் ஆட்டோமேட்டிக் என்பதை நிறுத்து. சிப் இருக்கிறது என்று வந்தவரிடமே காட்டிச் சொல்லிவிடு. பல பேருக்கு அது உள்ளே இருப்பதே தெரியாது.

புதிதாக யாருக்கும் சிப் போட்டுக் கொடுக்காதே. அப்டேட் இல்லாத போனில் வங்கி ஆப்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். 2022-ல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடலில் சிம் ட்ரேயே இல்லை, இ-சிம்தான். சிப் செருக இடமும் இல்லை.

5. ஆக, நேர் வழி கம்பெனிதான். போன் யார் பெயரில் வாங்கியதோ அவரே கேட்க வேண்டும். பாக்கி இருக்கக் கூடாது. அமெரிக்காவில் சொந்தப் போனை அன்லாக் செய்துகொள்ள வழி கொடுக்கும் சட்டத்தில் ஒபாமா 2014 ஆகஸ்ட் 1 அன்று கையெழுத்திட்டார். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் லாக் போட்டு விற்கவே முடியாது. ஜப்பானிலும் பிரிட்டனிலும் 2021 கடைசியில் அதே நிலை வந்தது. கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து சித்தி வாங்கி வந்த புதுப் போன் என்றால் உனக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. அமெரிக்க மருமகன் தவணையில் எடுத்தது என்றால்தான் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானில் தயாராகும் ஐபோன்கள் அமெரிக்காவுக்கும் போகின்றன. படப்பை வழியாகப் போனால் பக்கத்திலிருக்கும் ஊரில் செய்த போன், அங்கே போய் லாக் வாங்கிக்கொண்டு, சூட்கேஸில் திரும்பி வந்து நம் மேசையில் படுத்துக் கிடக்கும்.

6. ஆன்ட்ராய்டில் சிம் லாக், பூட்லோடர் லாக், கூகுள் அக்கவுண்ட் லாக் என்று மூன்று உண்டு. "அன்லாக் பண்ணு" என்றால் எது என்று கேட்டுக்கொள். சாம்சங்கில் மாடல் எண் யு என்று முடிந்தால் அமெரிக்கக் கம்பெனி போன், யு1 என்றால் பொதுவானது. சாம்சங் ஃபர்ம்வேர் ஏற்றும் ஓடின் மென்பொருளில் ஃபைல் தேர்ந்தெடுக்கும் முன் அதையும் பைனரி எண்ணையும் பார். பைனரி குறைந்த ஃபைல் ஏறாது.

7. ஐஎம்இஐ-யை மாற்றினால் லாக் போகும் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே வெட்டு. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று வருஷம் வரை ஜெயில், 50 லட்சம் வரை அபராதம். செகண்ட்ஸ் போன் என்றால் *#06# போட்டு எண்ணை எடுத்து, கேஒய்எம் என ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார். பிளாக் லிஸ்டில் இருந்தால் தொடாதே.

8. எல்லாம் சரி என்று தெரிந்த பிறகும் பேக்கப் எடுக்காமல் தொடாதே. லேப்டாப்பில் வேலை செய். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இருக்கட்டும், மழைக்காலத்தில் கரண்டை நம்ப முடியாது. போனை அழிக்க வேண்டி வந்தால் இ-சிம்மையும் அழிக்கவா என்று கேட்கும். வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடு. தவறினால் அந்தப் பெரியவர் ஆதாரை எடுத்துக்கொண்டு சிம் கம்பெனி ஷோரூமில் நிற்க வேண்டும்.

9. முடிந்ததும் அவருடைய சிம்மைப் போட்டு ஒரு கால் பேசச் சொல், ஒரு ஓடிபி வரவழை. ஐமெசேஜ் ஆக்டிவேட் ஆக வெளிநாட்டு எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் போகும். ப்ரீபெய்டில் மெயின் பேலன்ஸ் சில ரூபாய் குறையலாம். அதை முன்னாலேயே சொல்லிவிட்டால் சாயந்திரம் திரும்பி வந்து உன்னிடம் கணக்குக் கேட்க மாட்டார்.