இரவின் அமைதியும் ஊராரின் கடமையும்

ஆடி பிறந்துவிட்டால் நம் கிராமங்களில் அம்மன் விழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது வழக்கமாகிவிட்டது. விழா வேண்டியதே. ஆயினும், விடியுமுன் எழுந்து வயலுக்கு நீர் பாய்ச்ச வேண்டிய உழவரும், நோயுற்றோரும், கைக்குழந்தைகளும் அதே தெருவில்தான் உறங்க வேண்டியிருக்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

இதன் பொருட்டு மத்திய அரசு 2000ஆம் ஆண்டில் ஒலி மாசு விதிகளை வகுத்துள்ளது. ஒலிபெருக்கி வைப்பதற்கு உரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுதல் வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் அதனை ஒலிக்கச் செய்தல் கூடாது. விழா நாட்களில் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்களிக்கலாம்; அதுவும் ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படலாகாது. குடியிருப்புப் பகுதிக்குரிய ஒலியளவு பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இவ்வளவை 10 டெசிபெல் அல்லது அதற்கு மேல் மீறினால் எவரும் அதிகாரியிடம் முறையிடலாம்.

முறையீடு வரையில் போகவிடாமல் தடுப்பது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கையில் இருக்கின்றது. காப்புக் கட்டுவதற்கு முன்பே விழாக் குழுவினரையும், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோரையும் அழைத்து, நிறுத்தும் நேரத்தையும், குழாய் எத்திசை நோக்க வேண்டும் என்பதையும் பேசி முடிவு செய்து கொள்வோமாக. அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் காப்பதும் ஊர்ப்பணியே.