குறட்டையும் பருமனும்: ஓய்வறியா நரம்புகள்

நம்பிக்கை: குறட்டை விடுபவர் அசந்து தூங்குகிறார்.

குறட்டை, குறுகிப்போன தொண்டை வழியே காற்று திணறிச் செல்லும் ஓசை. கழுத்திலும் நாக்கிலும் கொழுப்பு சேர்ந்தவர்களுக்குத் தூக்கத்தில் தசைகள் தளரும்போது அந்த வழி முழுதுமே அடைபடலாம். அப்படி 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதுதான் ஸ்லீப் ஆப்னியா. மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்ந்து மணிக்கு 30 முறையைத் தொட்டால் நோய் கடுமையானது. ஒவ்வொரு தடையிலும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, கரியமில வாயு கூடுகிறது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள சின்னஞ்சிறு உணரிகள் இதை மூளைத்தண்டுக்குத் தெரிவிக்க, பரிவு நரம்பு மண்டலம் முடுக்கப்படுகிறது. ஆபத்தில் ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார்செய்வதும் இதே மண்டலம்தான். இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூச்சு திரும்பும் கணத்தில் இரத்த அழுத்தம் எகிறுகிறது. தூங்கும்போது 10 சதவீதமாவது இறங்க வேண்டிய அழுத்தம் இவர்களில் பலருக்கு இறங்குவதே இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலிலேயே பி.பி. பார்க்கிறார்கள். பெரிய உதவிதான், ஆனால் பகலில் கட்டும் பட்டைக்கு இந்த இரவு ஏற்றம் சிக்காது.

நம்பிக்கை: ராத்திரித் தொல்லை விடிந்தால் போய்விடும்.

போவதில்லை. முழங்காலுக்குக் கீழே ஓடும் பெரோனியல் நரம்பில் மெல்லிய ஊசியைச் செருகிப் பரிவு நரம்பின் துடிப்பை நேரடியாகப் பதியும் முறை, 1960-களில் ஸ்வீடனின் உப்சாலாவில் உருவானது. அமெரிக்காவின் அயோவாவில் விரெண்ட் சோமர்ஸ் குழுவினர் இந்த முறையில் ஆப்னியா நோயாளிகளைச் சோதித்து 1995இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விழித்திருந்து இயல்பாக மூச்சு விடும்போதும் அவர்களின் நரம்புத் துடிப்பு மற்றவர்களைவிட மிக அதிகமாக இருந்தது. இரவுதோறும் ஆக்சிஜன் இறங்கி ஏறுவதால் கழுத்து உணரிகள் மிகையாகத் துலங்கப் பழகிவிடுகின்றன. அழுத்தத்தைத் தணிக்கும் அனிச்சைச் செயலும் மந்தமாகிறது.

சென்னைக்குத் தெற்கே சிங்கப்பெருமாள் கோயிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் பக்கம் பிரியும் சாலை, தொழிற்சாலைகளுக்கான சாலை. ஷிப்ட் வேலை நிறைந்த இத்தகைய வட்டாரத்தில், ஆப்னியாவின் அறிகுறிகளான பகல் தூக்கத்துக்கும் காலைத் தலைவலிக்கும் ‘நைட் ஷிப்ட்’ என்ற காரணம் தயாராக இருக்கிறது. அது பாதி உண்மை என்பதாலேயே ஆப்னியா அதன் பின்னால் எளிதில் மறைந்துகொள்ளும்.

நம்பிக்கை: பருத்த உடலில் நரம்புகள் மந்தம்.

இதைப் பாமரர் மட்டும் சொல்லவில்லை. பெரும்பாலான பருமன்களில் பரிவு நரம்புச் செயல்பாடு குறைவு என்று 1990-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பிரே என்ற அமெரிக்க ஆய்வாளரே எழுதினார். நரம்பிலேயே அளந்தபோது படம் மாறியது. மெல்போர்னில் முர்ரே எஸ்லர் குழு, பருமனானவர்களின் சிறுநீரகத்திலிருந்து, பரிவு நரம்பு முனைகள் சுரக்கும் நார்அட்ரினலின் கூடுதலாகக் கசிவதைக் கண்டது. சிறுநீரக நரம்புகள் முடுக்கப்பட்டால் உடல் உப்பைத் தக்கவைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். உயர்ந்த இன்சுலினும், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டினும் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

இங்கே ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. ஆப்னியா இல்லாத பருமனானவர்களின் நரம்புத் துடிப்பு இயல்பாகவே உள்ளது, குற்றவாளி ஆப்னியாதான் என்றது 1998இல் வெளியான நார்கீவிச் குழுவின் ஆய்வு. இரண்டுக்கும் தனித்தனிப் பங்கு உண்டு, சேர்ந்தால் இன்னும் மோசம் என்றது 2005இல் இத்தாலியின் கிராசி குழு. பிந்தையதே சிறுநீரகக் கணக்கோடு பொருந்துகிறது.

நம்பிக்கை: ஒல்லியானவருக்கு ஆப்னியா வராது.

வரும். சிறிய தாடை, பெருத்த டான்சில் போதும். தவிர, தனக்குப் பருமன் இல்லை என்று நினைப்பவரும் அந்தக் கணக்கில் வரலாம்: இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 25 என்பதே பருமன். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அந்த அளவில் அல்லது அதற்கு மேல் இருக்கிறார்கள்.

நம்பிக்கை: மெஷின் மாட்டினால் பி.பி. மாத்திரையை நிறுத்தலாம்.

காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை சிட்னியின் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்தினார். அது நரம்புத் துடிப்பைக் குறைக்கிறது. ஆனால் இரத்த அழுத்தம் சராசரியாக இறங்குவது 2, 3 புள்ளிகளே. எடை 10 சதவீதம் குறைந்தால் மூச்சுத்தடைகள் கால் பங்கு குறைவதாக அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு 2000இல் காட்டியது. மாத்திரையைக் குறைப்பது மருத்துவர் முடிவு. அசதிக்கென்று இரவில் போடும் ‘கட்டிங்’கோ தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி, தடைகளை நீட்டிக்கிறது.